கானாவின் நிபிமா வேரைச் சோதிப்பது எப்படி?

கானாவில் மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரு வேரைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். நிபிமா என்று பெயர், தாவரவியலில் கிரிப்டோலெபிஸ் சாங்குவினோலென்டா. முதலில் செடியின் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) கொடுத்துப் பெயரை உறுதிசெய்யுங்கள், இதை விட்டுவிட்டு அப்புறம் முழிக்கிறவர்கள் நிறைய. வேரை உலர்த்தி, இடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். சாற்றை வற்றவைத்து நீர்த்த அமிலத்தில் கரைத்து டிராகன்டார்ஃப் கரைசலை இரண்டு சொட்டு விட்டால் ஆரஞ்சு வீழ்படிவு வரும். ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் இருக்கும் நைட்ரஜன் உள்ள ஒருவகை வேதிப்பொருள், இருக்கிறது என்பதற்கு அறிகுறி. இந்த வேரில் உள்ள ஆல்கலாய்டுகளில் முக்கியமானது கிரிப்டோலெபின். மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி வளரும் ரத்த அணுக்களில் சாற்றைச் சோதிக்கும்போது, பக்கத்திலேயே மலேரியா மருந்தான குளோரோகுயினையும் வைத்து, எந்தச் செறிவில் வளர்ச்சி பாதியாகக் குறைகிறது என்று ஒப்பிடுங்கள். சரி, ஒட்டுண்ணி செத்துவிட்டதா? துள்ளாதீர்கள், கிரிப்டோலெபின் டிஎன்ஏவுக்குள்ளும் செருகிக்கொள்ளும், நம் செல்களையும் கெடுக்கலாம், அதனால் மனித செல்களிலும் போட்டுப் பாருங்கள்.