எக்ஸ்புளோரர் தொங்கினால் உடனே எதையும் சரிசெய்யாதீர்கள்

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்கள் சிலர் சந்தேகம் கேட்க என்னிடம் வருவார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். அதிலும் ஃபைல் எக்ஸ்புளோரர், அதாவது ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் திறந்து காட்டும் விண்டோஸ் ஜன்னல், கோளாறு என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். எதையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தாயா, வைரஸ் ஸ்கேன் போட்டாயா, சி டிரைவ் நிரம்பிவிட்டதா என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கே தொங்குகிறது என்று பார்க்காமல் தொடங்குவது

"எக்ஸ்புளோரர் ஹேங் ஆகுது" என்று வாடிக்கையாளர் சொன்னதும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம்.

திறக்கும்போது மட்டும் தாமதமாகி, பிறகு நன்றாக ஓடினால் முதலில் வரும் குவிக் ஆக்சஸ் பக்கத்தைப் பாருங்கள். எப்போதோ இணைத்த நெட்வொர்க் டிரைவ் (வேறொரு கணினியில் இருக்கும் டிரைவ்) ஒன்று இன்னும் பட்டியலில் இருக்கும். அந்தக் கணினியோ வீட்டிலேயே இருக்காது. எக்ஸ்புளோரர் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'திஸ் பிசி'யில் திறக்கும்படி மாற்றி, அதே இடத்தில் ஹிஸ்டரியையும் அழித்து, செத்த டிரைவைத் துண்டித்தால் போதும்.

குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் மட்டும் மேலே பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தால், பெரும்பாலும் அது டவுன்லோட்ஸ் ஃபோல்டராக இருக்கும். அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் டேபுக்குப் போய்ப் பாருங்கள். 'பிக்சர்ஸ்' என்று இருந்தால் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். தொங்குவதோடு நிற்காமல் மூடியே போகிறது என்றால், பாதியில் நின்றுபோன வீடியோ ஏதாவது உள்ளே கிடக்கும். அதற்கு தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்) போட முயன்று எக்ஸ்புளோரர் விழுகிறது. தம்ப்நெயிலே வேண்டாம், ஐகான் மட்டும் போதும் என்று வைத்துவிட்டு உள்ளே போய் அந்த ஃபைலை நீக்கலாம்.

ரைட் கிளிக் செய்தால் மட்டும் விழுகிறது என்பது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு டிரைவைத் தொட்டால் மட்டும் தொங்குகிறது என்றால், மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது

செக்டிஸ்க் என்பது டிஸ்க்கில் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கட்டளை. எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றைக்கும் யாராவது "செக்டிஸ்க் போட்டு விட்டுட்டேன் அண்ணா" என்று போனில் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். பழைய டெஸ்க்டாப், டி டிரைவ் முழுக்கக் குடும்பப் படங்கள், மகள் கல்யாண ஆல்பம், ஊர்க்கோயில் திருப்பணிக் கணக்கு. டி டிரைவைத் திறந்தால் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து நின்றுவிடும். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், இன்ஜினியரிங் மாணவன், நெட்டில் தேடி செக்டிஸ்க் கட்டளையை எஃப், ஆர் என்ற இரண்டு சுவிட்சுகளோடும் (கட்டளையின் பின்னால் சேர்க்கும் கூடுதல் எழுத்துகள்) போட்டுவிட்டான். ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. காலையில், "மாமா, சரியாயிடுச்சு" என்றானாம். உண்மையிலேயே டிரைவ் சட்டென்று திறந்தது. உள்ளே பாதி இல்லை.

எனக்குப் போன் வந்தது அன்று மத்தியானம். "தம்பி, டிரைவ் நல்லா ஓப்பன் ஆகுதுப்பா. ஆனா கல்யாண ஃபோல்டர காணோம்."

போய்ப் பார்த்தேன். 'ஃபவுண்ட்.000' என்று ஒரு மறைவு ஃபோல்டர். அதற்குள் 'ஃபைல்0000.சிஎச்கே', 'ஃபைல்0001.சிஎச்கே' என்று வரிசையாக, பெயரும் தேதியும் இல்லாத துண்டுகள். ஒன்றின் பின்னொட்டை ஜேபெக் என்று மாற்றித் திறந்தேன். மேல்பாதியில் மணமேடையின் பூ அலங்காரம் தெரிந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்றால், டிஸ்க்கில் சில செக்டர்கள் (தகவல் எழுதப்படும் சிறு கட்டங்கள்) பலவீனமாகியிருந்தன. அப்படிப்பட்ட செக்டரைப் படிக்க வேண்டி வந்தால் டிஸ்க் உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப முயலும். அது முடியும்வரை எக்ஸ்புளோரர் காத்திருக்கும். நமக்கு அது எக்ஸ்புளோரர் கோளாறாகத் தெரிகிறது. செக்டிஸ்க்கின் வேலை உங்கள் படங்களைக் காப்பாற்றுவது இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு வழக்கை முரணில்லாமல் ஆக்குவதுதான். ஒரு ஃபோல்டரின் பதிவைப் படிக்க முடியவில்லை என்றால், அந்தப் பதிவை நீக்கிவிட்டு, உரிமையாளர் இல்லாமல் போன துண்டுகளை ஃபவுண்ட் ஃபோல்டரில் கொட்டிவிடும். அதன் கணக்குப்படி வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது. ஆர் சுவிட்ச் இன்னும் மோசம். டிரைவின் மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்கிறது. கால் முறிந்தவனை எங்கே வலிக்கிறது என்று பார்க்க ஓடவிடுவது மாதிரி.

"விண்டோஸே ரிப்பேர் பண்ணச் சொல்லுதே அண்ணா" என்பார்கள். சொல்லும்தான். டிரைவில் பிழை இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று மூலையில் ஒரு அறிவிப்பு வரும். அடுத்த முறை ஆன் செய்யும்போது பரிசோதனை தானாகத் தொடங்கவும் பார்க்கும். அப்போது சில விநாடிகள் எண்ணிக்கை ஓடும். அதற்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் நின்றுவிடும். தட்டுங்கள்.

பிறகு என்ன செய்வது? முதலில் டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து வந்த 7, 153 எண்களைத் தேடுங்கள். 7 என்றால் கெட்ட பிளாக். 153 என்றால் படிக்க முடியாமல் மறுபடி முயன்றது. அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். முறையே மாற்றி வைக்கப்பட்ட செக்டர், முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த மென்பொருள் மூல எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும். கடைசியில் 10 என்று இருந்தால் அது பத்து இல்லை, பதினாறு. சி5-இல் பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் வாடிக்கையாளரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இன்னொரு டிஸ்க் வாங்குங்கள், முதலில் நகல் எடுப்போம்.

நகல் எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டால் கெட்ட ஃபைல் ஒன்றில் வந்து மாட்டிக்கொண்டு மொத்தமும் நிற்கும். அதனால் விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நல்லது என்று பையன்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சரி, ஆனால் அதை அப்படியே ஓட்டினால், படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலுக்கும் 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயலும். அதன் இயல்பான அமைப்பே அதுதான். ரோபோகாப்பியின் ஆர், டபிள்யூ இரண்டு சுவிட்சையும் 1 என்று வையுங்கள். எதைத் திரும்ப வாங்க முடியாதோ அதை முதலில் எடுங்கள். சினிமாவும் கேமும் கடைசியில் போகட்டும், போகாவிட்டாலும் பரவாயில்லை.

டிஸ்க் ரொம்பவே மோசம் என்றால் அந்த விண்டோஸை ஆன் செய்யாதீர்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் பிரதி எடுங்கள். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எதுவரை படித்தது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செக்டிஸ்க் ஓட்டியே ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அந்தப் பிரதியில் ஓட்டுங்கள்.

உள்ளிருந்து சீராக டக், டக் என்று சத்தம் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அது நம் கையில் இல்லை. டேட்டா மீட்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டபிறகு உரிமையாளர் முடிவு செய்யட்டும். நாம் முடிவு செய்யக்கூடாது.

செக்டிஸ்க்கே ஆகாது என்று சொல்லவில்லை. கரன்ட் கட்டாகி கணினி அணைந்தது, ஸ்மார்ட் விவரம் சுத்தம், நகலும் இருக்கிறது என்றால் தாராளமாக ஓட்டலாம். அப்போதும் முதலில் எந்தச் சுவிட்சும் இல்லாமல் ஓட்டுங்கள். என்ன பிழை என்று சொல்லும், எதையும் மாற்றாது.

'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால்

கேன்சல்.

டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுப்பது

டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் அதே எக்ஸ்புளோரர்தான். எல்லாம் சேர்ந்து போய்விடும். 'ரீஸ்டார்ட்' என்று தனியாகவே இருக்கிறது. தெரியாமல் மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க்காக 'எக்ஸ்புளோரர்' என்று அடியுங்கள்.

ரைட் கிளிக்கில் விழுகிறது என்பதற்காக விண்டோஸை மாற்றுவது

ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்ததும் மூடிக்கொள்கிறது. உடனே "ஓஎஸ் கரப்ட், புதுசா போட்டுடலாம்" என்று தீர்ப்பு. எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினால் பிழை எதுவும் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது மைக்ரோசாஃப்டின் சொந்த ஃபைல்களைத்தான் சரிபார்க்கும். இங்கே குற்றவாளி வெளியாள். ஜிப் மென்பொருள், ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று ஒவ்வொன்றும் அந்த மெனுவில் தன் பெயரைச் சேர்க்கும். சேர்க்கும் துண்டு எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஓடும். அதில் ஒன்று சறுக்கினால் எக்ஸ்புளோரரும் கூடவே விழும்.

ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் வரும் வரலாற்றுப் பக்கத்தில், எக்ஸ்புளோரர் விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதன் விவரத்தில் பிழை செய்த மாட்யூலின் (மென்பொருள் துண்டின்) பெயர் இருக்கும். பல நேரம் அந்தப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் இப்படிப்பட்ட துண்டுகளைப் பட்டியலிடும் நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூ மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை மட்டும் எடுத்து, பாதியை முடக்கிப் பாருங்கள். விழவில்லையா, முடக்கிய பாதியில்தான் ஆள் இருக்கிறான். அதிலும் பாதி, அதிலும் பாதி. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பிடித்துவிடலாம். புது விண்டோஸ் போட்டு, பிரிண்டரையும் டேலி என்ற கணக்கு மென்பொருளையும் மறுபடி ஏற்ற ஒரு நாள் போகும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) கிளீனர்

வேண்டாம்.

டெஸ்க்டாப் காலியாகிவிட்டது என்று பதறுவது

படங்கள் அழியவில்லை, இடம் மாறியிருக்கும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் ஆன் ஆகும்போது டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடுகின்றன. யாராவது அதை அணைத்தால் எக்ஸ்புளோரர் பழைய, காலியான டெஸ்க்டாப்பைக் காட்டும். சரக்கெல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "இங்கேயும் ஒரு காப்பி இருக்கு, இடம் அடைக்குது" என்று அதைப் போய் அழிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் விபரீதம். அது காப்பி இல்லை, அதுதான் அசல். கணினியில் அழித்தால் இணையத்திலும் போகும், போனிலும் போகும். சொந்தக் கணக்கு என்றால் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

லாகின் ஆகும்போது உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று செய்தி வந்து டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தால், அது தற்காலிக புரொஃபைல், அதாவது உங்கள் கணக்குக்குப் பதிலாக விண்டோஸ் திறந்த வெற்றுக் கணக்கு. பழைய சரக்கு சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், சைன் அவுட் ஆனதும் காணாமல் போகும்.

பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறினால்

அந்த ஷார்ட்கட்டைத் தட்டாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்திருக்கிறது, அழிக்கவில்லை. ஸ்கேன் செய்துவிட்டு அட்ரிப் கட்டளையால் மறைவை நீக்கினால் எல்லாம் வெளியே வரும்.

அழிந்த ஃபைல் எந்த டிரைவில் இருந்ததோ அதிலேயே ரெக்கவரி மென்பொருளை ஏற்றுவது

அழிந்த ஃபைலின் இடத்தில்தான் அந்த மென்பொருள் போய் உட்காரும். டவுன்லோடே அங்கே ஆகக்கூடாது. வேறு கணினியில் இறக்கி, டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டிப் பாருங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: அழித்த இடங்களை விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் டிஸ்க்குக்கு உடனே தெரிவித்துவிடும், அது அந்த இடத்தைத் துடைத்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் வராது. வரும் என்று நம்பிக்கை கொடுத்து முன்பணம் வாங்காதீர்கள்.