ஆலையோடு முடிந்துவிடுவதில்லை: குடிநீர்த் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீர்த் திட்டம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை மில்லியன் கேலன், எந்த வகைச் சவ்வு, எத்தனை கோடி வெள்ளி என்று கூட்டம் நீளும். மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களைப் பற்றிக் கேட்டால், "அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். நான் பார்த்த வரையில் பெரும்பாலான தவறுகள் பிறக்கும் இடம் இதுதான். வீட்டுக் குழாய்முனையில் என்ன வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து ஆலைக்குப் போக வேண்டும். நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம்.

இதற்குச் சிங்கப்பூர் நல்ல பாடம். உள்ளூர் நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜொகூர் ஆறு, புதுநீர் (பயன்படுத்திய நீரை மறுபடி சுத்திகரித்துப் பெறுவது), சுத்திகரித்த கடல்நீர் என்று நான்கு மூலங்கள். நாளொன்றுக்குச் சுமார் 440 மில்லியன் கேலன், அதாவது ஏறத்தாழ 200 கோடி லிட்டர் தேவை. இங்கே வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளர்கள், பிளம்பர்கள், ஊரில் நகராட்சிகளில் இருக்கும் நண்பர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சராசரியை வைத்துக் கணக்குப் போடுவது

மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கினால் தேவை கிடைத்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. சிங்கப்பூரில் வீட்டுப் பயன்பாடு ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 140 லிட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். பெருக்கினால் 84 கோடி லிட்டர்தான் வரும். மொத்தத் தேவையோ 200 கோடி. மிச்சமெல்லாம் தொழிற்சாலைகள், அலுவலகங்கள், ஹோட்டல்கள், குளிரூட்டும் கோபுரங்கள். தலைக்கணக்கை மட்டும் நம்பியிருந்தால் பாதிக்கு மேல் கணக்கில் வந்திருக்காது. சில்லு உற்பத்தி ஆலைகளுக்கு மிகத் தூய்மையான தண்ணீர் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால்தான் புதுநீருக்குத் தனிக் குழாய்கள் போடப்பட்டன. குடிநீர்க் குழாயிலேயே எல்லாவற்றையும் அனுப்பியிருந்தால் இரண்டு பக்கமும் இழப்பு.

மூலநீரிலும் இதே சிக்கல்தான். ஆண்டுச் சராசரி மழை, சராசரிக் கலங்கல், சராசரி அம்மோனியா என்று எடுத்துக்கொண்டு ஆலையை வடிவமைத்தால், மோசமான ஒரு வாரத்தில் ஆலை முழுக்க நின்றுவிடும். ஜொகூர் ஆற்றுக்கு மேற்புறம் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அங்கிருந்து போதிய தண்ணீர் திறந்துவிட்டால்தான் கீழே கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் இருக்கும், ஆலையும் தண்ணீர் எடுக்க முடியும். 2019 ஏப்ரலில் அம்மோனியா மாசு காரணமாக ஜொகூர் ஆற்று ஆலை நிறுத்தப்பட்டது. அம்மோனியா ஏறும்போது குளோரின் வேலை செய்யாது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க நடைமுறையில் ஏறக்குறைய பத்து மில்லிகிராம் குளோரின் போகும். அந்த அளவுக்குக் குளோரின் செலுத்தும் கருவி உங்கள் ஆலையில் உண்டா என்பது வரைபடம் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

மோசமான நாளுக்குத் திட்டமிடுவது எப்படி என்பதற்கு மரினா ஈஸ்ட் ஆலையைச் சொல்லலாம். 2020இல் இயங்கத் தொடங்கிய இந்த ஆலை, மழை பெய்யும்போது மரினா நீர்த்தேக்கத்து நன்னீரையும் வறண்ட காலத்தில் கடல்நீரையும் சுத்திகரிக்கும். கொள்ளளவு நாளொன்றுக்கு 30 மில்லியன் கேலன். கடல்நீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் ஆகும் என்பதால், நன்னீர் கிடைக்கும் நாள்களில் அதை எடுப்பது பெரிய மிச்சம்.

கசிவை விட்டுவிட்டு ஆலையைப் பெருக்குவது

ஒரு நகராட்சி நூறு லிட்டர் அனுப்புகிறது, முப்பத்தைந்து வழியிலேயே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது லிட்டருக்குப் புதிய ஆலை கட்டினால் வீடுகளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பதின்மூன்றுதான். அதே பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டுக் கசிவைப் பாதியாகக் குறைத்தால் பதினேழரை கிடைக்கும். கணக்கு இவ்வளவு எளிது. ஆனாலும் ஆலைதான் கட்டப்படுகிறது, ஏனென்றால் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிங்கப்பூரில் இழப்பு ஒற்றை இலக்க விழுக்காட்டில் நிற்பது தானாக நடந்ததல்ல. 1980களில் தொடங்கி, உட்பூச்சு இல்லாத பழைய வார்ப்பிரும்புக் குழாய்களையும் வீட்டு இணைப்புகளில் இருந்த துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்களையும் பத்தாண்டு காலம் விடாமல் மாற்றினார்கள். அப்புறம் பகுதிவாரியாக மீட்டர் வைத்து இரவு ஓட்டத்தைக் கவனிப்பது, குழாயின் ஓசையைக் கேட்பது எல்லாம் சேர்ந்துகொண்டன.

இரவு வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் தெரு ஓய்ந்திருக்கும். வால்வு மூடியைத் திறந்து, கேட்புக் கோலின் ஒரு முனையை வால்வுத் தண்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். கசிவு இருந்தால் மெல்லிய சீறல் கேட்கும். அடுத்த வால்வுக்கு நடந்து, அங்கே சீறல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பார்கள். கருவிகள் எத்தனை வந்தாலும், பழகிய காதுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

இதிலும் ஒரு தவறு நடக்கிறது. அந்நேரத்தில் மீட்டர் ஓடினால் அத்தனையும் கசிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுக்குமாடிப் பேட்டைகளில் மொட்டைமாடித் தொட்டிகள் இரவில்தான் நிரம்பும். அந்த ஓட்டத்தைக் கழிக்காமல் கணக்குப் பார்த்தால், இல்லாத கசிவைத் தேடிச் சாலையைத் தோண்ட வேண்டியதுதான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊர்களுக்கு ஒரு சொல். விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். ஓட்டை வழியாக உள்ளே வருவது வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை நீர். எவ்வளவு உயர்ந்த ஆலை கட்டினாலும் அந்தக் குழாய் வழியே போனால் வீட்டுக்கு வருவது வேறு தண்ணீர். இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தம் இருப்பதைச் சொகுசாக எண்ண வேண்டாம், சுத்திகரிப்பில் அதுவும் ஒரு படி.

பழைய குழாயில் புதிய தண்ணீர்

மிகவும் ஆபத்தான தவறு இது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒரு படிவு வளர்ந்திருக்கும். அந்தப் படிவு, அதுவரை ஓடிய தண்ணீரின் காரத்தன்மைக்கும் கடினத்தன்மைக்கும் பழகிப்போன ஒன்று. மூலத்தை மாற்றினால் படிவு கரையும், உரியும், கூடவே உலோகமும் வரும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவை மிச்சப்படுத்த ஆற்றுநீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தம் வரை போனது. 2015 அக்டோபரில் பழைய மூலத்துக்குத் திரும்பினார்கள், ஆனால் கேடு நடந்து முடிந்திருந்தது. ஆலையில் அளந்தால் தண்ணீர் சரி, வீட்டில் அளந்தால் நஞ்சு.

கடல்நீர் சுத்திகரிப்பைச் சேர்க்கும் ஊர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். எதிர்ச் சவ்வூடு பரவலில், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே கடல்நீரை அழுத்தித் தள்ளும் முறையில், வெளிவரும் தண்ணீரில் தாது ஏறக்குறைய இருக்காது. அப்படியே விட்டால் குழாயின் சிமெண்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்பைத் தின்னும், இரும்பை அரிக்கும். சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்துத் தாதுவைத் திரும்பக் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும். இந்தப் பகுதியைக் "கூடுதல் வசதி" என்று ஒப்பந்தப் பட்டியலின் கடைசியில் எழுதுவதும், பணம் இடித்தால் முதலில் வெட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து அதை வெட்ட விடாதீர்கள்.

இன்னொன்று ஓட்டத்தின் திசை. ஊரின் ஒரு கோடியில் புதிய ஆலை வந்தால், அதுவரை கிழக்கே ஓடிய தண்ணீர் சில குழாய்களில் மேற்கே திரும்பும். அடியில் படிந்து கிடந்த துரு கிளம்பி, வீடுகளில் பழுப்புத் தண்ணீர் வரும். திறப்பு விழா நடந்த வாரமே புகார்கள் குவிவதற்கு இதுதான் காரணம், ஆலையில் ஒரு குறையும் இருக்காது. கணினி மாதிரியில் எந்தெந்தக் குழாயில் திசை மாறும் என்று முன்பே பார்த்து, அவற்றைப் பகுதி பகுதியாகக் கழுவிவிட்டு, ஆலையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இந்தத் தொல்லை வராது.

கிருமி நீக்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. வெறும் குளோரினைவிட இது நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். (வீட்டில் மீன் வளர்ப்பவர்களே, ஓர் இரவு வாளியில் வைத்தால் இது போகாது, நீக்கும் மருந்து தேவை.) ஆனால் வெப்பமான ஊரில், தண்ணீர் தேங்கிக் கிடந்தால், குளோரமினில் உள்ள அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். ஆகையால் தண்ணீரின் வயது, அதாவது ஆலையை விட்டு வீட்டுக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது முக்கியம்.

இங்கேதான் "எதிர்காலத்துக்கு இருக்கட்டும், பெரிய பைப்பாகவே போட்டுவிடுவோம்" என்ற யோசனை பின்னால் வந்து கடிக்கிறது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குழாயால் ஆறு மடங்குக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக முடியும். ஆனால் இன்றைய தேவை அப்படியே இருந்தால் வேகம் கால்வாசியாகிவிடும். வண்டல் படியும், தண்ணீர் பழசாகும். பெரிய முதன்மைக் குழாய்களை நீண்ட காலத்துக்கு யோசித்துப் போடுங்கள், சரி. தெருக் குழாய்களை அப்படிப் போட வேண்டாம். முட்டுச்சந்து முனைகளை வளையமாக இணைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

வயதைப் பார்த்து மாற்றுவது, ஒற்றை வழியை நம்புவது

ஐம்பது ஆண்டுப் பழைய குழாய் என்பதால் மட்டும் அதைத் தோண்டி எடுக்காதீர்கள். நல்ல மண்ணில், நிதானமான அழுத்தத்தில் இருக்கும் பழைய குழாய் இன்னும் உழைக்கும். களிமண்ணிலோ உப்பேறிய கடலோர மண்ணிலோ கிடக்கும் இருபது ஆண்டுக் குழாய் உடையக்கூடும். உடைப்புப் பதிவு, குழாயின் வகை, மண், அழுத்த ஏற்ற இறக்கம், உடைந்தால் யாருக்குப் பாதிப்பு, இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் ஒரே குழாய் நடுத்தர நிலையில் இருந்தாலும், ஆளில்லாத சாலையில் இருக்கும் மோசமான குழாய்க்கு முன்பாக அதை மாற்றலாம்.

ஒரே முதன்மைக் குழாயை நம்பி ஒரு நகரத்தை வைத்திருப்பது தெரிந்தே எடுக்கும் அபாயம். அதைப் பழுதுபார்க்கக்கூட நிறுத்த முடியாது. சிங்கப்பூர் நகர மையத்துக்குக் கூடுதல் வழி வேண்டும் என்றுதான், ஒரு பகுதி முன்னாள் ரயில் தடம் வழியாகச் செல்லும் 22 கிலோமீட்டர் மர்னேன் குழாய்த் திட்டம் வந்தது. தோண்டுவதற்கு இடமே இல்லாத ஊரில், ரயில் நின்றுபோன நிலத்தை இதற்குப் பயன்படுத்தியது நல்ல முடிவு.

வால்வுகளை யாரும் நினைப்பதில்லை. வரைபடத்தில் இருக்கும் வால்வு தார்ச்சாலைக்கு அடியில் புதைந்திருக்கும். சாலை போட்டவர் மூடிமேல் தாரை ஊற்றிவிட்டுப் போயிருப்பார். தேடி எடுத்தாலும் பல ஆண்டுகள் திருகாமல் இறுகிப்போயிருக்கும். இரண்டு பேர் டி வடிவச் சாவியைப் பிடித்துச் சுற்றினால் தண்டு முறியும், வால்வு அசையாது. பெரிய உடைப்பு நேரும் இரவில் அதைக் கண்டுபிடித்தால், நான்கு வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிய இடத்தில் நாற்பது புளோக்குக்கு நிறுத்த நேரிடும். குழாய் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் செலவாக எல்லா வால்வுகளையும் கண்டுபிடித்து, திருகிப் பார்த்து, எத்தனை சுற்று என்று எழுதிவைக்கும் வேலையைச் சேர்க்கலாம். விலையோ குறைவு, பலன் உடனே தெரியும்.

தளத்தில் நடப்பவை

புதிய குழாய்களைச் சாலையோரம் அடுக்கும்போது முனைகளுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். நம் மழையில் ஒரு மாலை போதும், சேறு உள்ளே போய்விடும். அப்புறம் எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் சேற்றுக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. முதலில் கழுவ வேண்டும், அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், குளோரின் கரைசலை நிறுத்திவைக்க வேண்டும், திரும்பக் கழுவ வேண்டும், கிருமிச் சோதனை முடிவு வந்த பிறகே இணைக்க வேண்டும். தாமதமான திட்டங்களில் கடைசி இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி அழுத்தம் வரும். முடியாது. கிருமி வளர்ந்து தெரிய நேரம் எடுக்கும்.

தோண்டும் முன் சோதனைக் குழி வெட்டி, கைக்கருவியால் குழாயின் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பித் தோண்டும் இயந்திரத்தை இறக்கக் கூடாது. சிங்கப்பூரில் 300 மில்லிமீட்டர் அல்லது அதற்குமேல் விட்டமுள்ள முதன்மைக் குழாயைச் சேதப்படுத்தினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆலையின் கழிவு எங்கே போகும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கசடும் சவ்வு கழுவிய நீரும் உப்புக் கரைசலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியவை அல்ல.

கடைசிச் சில மீட்டர்கள்

சிங்கப்பூரில் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் கட்டடத்து வாசல் வரைதான். அதற்குப் பிறகு தொட்டி, பம்பு, உள் குழாய்கள் எல்லாம் உரிமையாளர் அல்லது நகர மன்றத்தின் பொறுப்பு. தொட்டிகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்து, உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டு சோதிக்க வேண்டும். திட்டமிடுபவர்கள் இந்தப் பகுதியை "எங்கள் எல்லை இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். குடிப்பவருக்கு எல்லைக்கோடு தெரியாது. மாதிரி எடுக்கும் இடங்களில் ஆலை வாசலும் நீர்த்தேக்கமும் மட்டும் இருந்தால் போதாது. நெட்வொர்க்கின் தொலைகோடியில், மேல்மாடி வீட்டுச் சமையலறைக் குழாயிலும் எடுக்க வேண்டும், அதுவும் மூலம் மாற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். முந்தைய அளவீடு இல்லாவிட்டால், மாற்றத்துக்குப் பிறகு ஈயமோ தாமிரமோ இரும்போ கூடியதா என்று சொல்ல எந்த ஆதாரமும் இருக்காது.

குழாய் கழுவும் நாளை முன்கூட்டியே மின்தூக்கிக்குப் பக்கத்தில், நான்கு மொழிகளிலும் ஒட்டுங்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, பழுப்பாக வந்தால் எவ்வளவு நேரம் திறந்துவிட வேண்டும், துணி துவைப்பதை எப்போது தள்ளிப்போட வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.