மாடலரில் டோன் வரவில்லையா? ஆம்ப்பை விடுங்கள், கேபினெட்டைப் பிடியுங்கள்

ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் எல்லாவற்றையும் டிஜிட்டலாக நகலெடுக்கிற கிட்டார் மாடலர் கைக்கு வந்த அன்றே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பட்டியலில் இருந்ததிலேயே முரட்டு ஆம்ப்பாகப் பார்த்து எடுத்தேன். கெயினை முக்கால்வாசி ஏற்றி ஒரு பவர் கார்டு அடித்தேன். டப்பாவுக்குள் வண்டைப் பிடித்து அடைத்த மாதிரி ஒரு சத்தம். ஆம்ப் மாடல் சரியில்லை போல என்று அடுத்ததற்குத் தாவினேன். வேறு ஆம்ப், அதே வண்டு. இப்படியே ஏறத்தாழ மூன்று மாதம் போனது. இருந்த ஆம்ப்களை எல்லாம் இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டேன். பெட்டியையே விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பிளாக் ஒன்று, சிக்னல் கடந்துபோகிற கட்டங்களின் வரிசையில் இருப்பது கண்ணில் பட்டது. கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன்னால் வைத்த மைக்கும்.

தரையில் வைத்து மிதிக்கிற பெட்டியோ, கணினியில் ஓடும் பிளகினோ, எதுவாக இருந்தாலும் கீழே உள்ளது பொருந்தும். ப்ரீசெட் உருவாக்குவது, பிளாக் சேர்ப்பது, சேமிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. உள்ளே போகிற சிக்னல்

மாடலர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. கிட்டார் இன்புட்டில் செருகினால் போதும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குப் போகிறவர்கள் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவில் இன்புட் இம்பிடன்ஸ் தேவை. லைன் இன்புட்டில் அது பெரும்பாலும் 10 கிலோஓம் பக்கம்தான் இருக்கும். ட்ரெபிள் அந்த இடத்திலேயே செத்துவிடும். அப்புறம் எந்த ஆம்ப்பைப் போட்டும் எழுப்ப முடியாது.

அளவு வைப்பதற்கு, அதிக அவுட்புட் உள்ள பிக்கப்பைத் தேர்ந்துகொண்டு ஆறு கம்பியையும் ஓங்கி அடியுங்கள். சிவப்பு விளக்கு எரியக் கூடாது. வால்வு ஆம்ப் திணறினால் காதுக்கு இனிமை, டிஜிட்டல் இன்புட் திணறினால் வெறும் கரகரப்பு. பிளகின் கையேட்டில் இன்புட் அளவு இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

2. காலி ப்ரீசெட், ஒரு லூப்

பெட்டியோடு வருகிற ப்ரீசெட்டுகளை நான் நம்புவதில்லை. இரண்டு டிலே, பெரிய ஹால் ரிவர்ப், கோரஸ் என்று எல்லாவற்றையும் போட்டு, வாங்க வந்தவரை அசத்துவதற்காகச் செய்தவை அவை. அதை வைத்து எது எங்கே கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. காலி ப்ரீசெட்டில் ஒரு ஆம்ப், ஒரு கேபினெட், அவ்வளவு மட்டும் போடுங்கள். கெயின் பாதிக்குக் கீழே, மற்ற நாப் எல்லாம் நடுவில்.

அடுத்து லூப்பரை எடுத்து வரிசையின் முதல் இடத்தில், ஆம்ப்புக்கும் முன்னால் வையுங்கள். கொஞ்சம் பவர் கார்டு, கொஞ்சம் திறந்த கார்டு, மேல் கம்பியில் ஒரு சின்ன லீட் என இருபது நொடி வாசித்துச் சுழல விடுங்கள். பச்சையான கிட்டார் சிக்னல் திரும்பத் திரும்ப ஆம்ப்புக்குள் போய்க்கொண்டிருக்கும், இரண்டு கையும் நாப் திருப்ப ஓய்வாக இருக்கும். பிளகின் என்றால் அதே இருபது நொடியை எஃபெக்ட் இல்லாமல் பதிவு செய்து லூப்பில் போட்டுவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. நாமே வாசித்துக்கொண்டு கேட்டால், டோன் மோசமாக இருந்தால் கை தானாகவே அதற்கேற்ப மாறிச் சமாளித்துவிடும். லூப் சமாளிக்காது.

3. கேபினெட்: நான் மூன்று மாதம் சறுக்கிய இடம்

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், பாட்டு கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி இல்லை. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். ஆம்ப் டிஸ்டார்ட் ஆகும்போது அதற்கும் மேலே ஏகப்பட்ட ஹார்மோனிக் உருவாகிறது. அந்தச் சீறலைத் தன் இயலாமையாலேயே ஸ்பீக்கர் வடிகட்டிவிடுகிறது. ஹெட்ஃபோனோ 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் காதில் கொண்டுவந்து கொட்டும். வண்டு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

‘என் ப்ரீசெட்டில்தான் கேபினெட் பிளாக் இருந்ததே’ என்று கேட்பீர்கள். எனக்கும் இருந்தது. தானாக வந்து உட்கார்ந்த கேபினெட்டில், மைக் ஸ்பீக்கரின் நட்ட நடுவில் ஒரு அங்குலத் தூரத்தில் இருந்தது. ஸ்பீக்கரில் ட்ரெபிள் மிக அதிகமாக வருகிற இடம் அதுதான். நிஜ ஆம்ப்பை யாரும் அந்த இடத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்பதில்லை. ஆம்ப் முழங்கால் உயரத்தில் இருக்கும், நாம் நின்றுகொண்டு பக்கவாட்டில் கேட்போம். அறைக்குள் கேட்கிற ஆம்ப்பின் சத்தத்தை மாடலரிடம் எதிர்பார்க்காதீர்கள். அது தருவது மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்ப்பின் சத்தம். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குப் பாதி எரிச்சல் அடங்கியது.

அதனால் ஆம்ப்பைத் தொடாமல், லூப்பை ஓடவிட்டு, மைக்கை மட்டும் நகர்த்துங்கள். ஷூர் எஸ்எம்57 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் வந்த மைக், கிட்டார் ஆம்ப்புக்கு முன்னால் இன்றும் அதிகம் வைக்கப்படுவதில் ஒன்று. ஸ்பீக்கரின் நடுவில் வட்டமாக மூடியிருப்பது டஸ்ட் கேப், அதைச் சுற்றி இருப்பது கோன். இரண்டும் சேரும் விளிம்புக்கு மைக்கைக் கொண்டுபோங்கள். சீறல் குறைந்து மிட் மேலே வருவது தெளிவாகக் கேட்கும். இன்னும் வெளியே போகப் போக இருட்டாகும். தூரத்தை ஒரு அங்குலத்திலிருந்து மூன்று நான்கு அங்குலத்துக்கு நகர்த்தினால் பேஸ் உப்பியிருப்பதும் குறையும். ரிப்பன் மைக் மாடல் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அது இயல்பிலேயே மென்மை.

உங்கள் மாடலரில் மைக்கை நகர்த்த வழி இல்லையென்றால் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்புகள்தான் வழி. ஒரு ஸ்பீக்கர், அதன் பெட்டி, முன்னால் வைத்த மைக் மூன்றும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை அச்செடுத்து வைத்த சின்ன ஆடியோ கோப்பு அது. 2048 சாம்பிள் நீளமென்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 43 மில்லி விநாடிகூட ஆகாது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஐஆர் சேர்ப்பது ஒரு வியாதி. ஒரு காலத்தில் என்னிடம் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பதினைந்தாவதைக் கேட்கும்போது காது மரத்துப்போய் முதலாவது எப்படி இருந்தது என்றே நினைவிருக்காது. ஐந்து எடுங்கள், அதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அழித்துவிடுங்கள்.

இரண்டு மைக்கைக் கலப்பதை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். தூரம் வேறுபட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று தின்றுவிடும், டோன் சவசவ என்று ஆகிவிடும்.

கடைசியாக லோ கட் (கீழ் ஒலியை வெட்டுவது), ஹை கட் (மேல் ஒலியை வெட்டுவது). கேபினெட் பிளாக்கிலேயே இருக்கும், இல்லையென்றால் பின்னால் ஒரு ஈக்யூ போடுங்கள். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது வெறும் உறுமல். லோ கட்டை 80க்கும் 100க்கும் நடுவில் வைத்தால் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

ஹை கட்டில் நான் மறுபடியும் சறுக்கினேன். ‘6 கிலோஹெர்ட்ஸ் வை’ என்று எங்கோ படித்து அப்படியே வைத்தேன். ஆம்ப் மேல் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிட்டது. காரணம், ஒரு மாடலரில் கட் சரிவு ஆக்டேவுக்கு 6 டெசிபெல், இன்னொன்றில் 12 டெசிபெல். எண் ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றல்ல. அதனால் எண்ணைப் பார்க்காமல் 20 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். வண்டு போனதும் நின்று, ஒரு சின்ன நூல் அளவு திரும்ப மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் 6க்கும் 9க்கும் இடையில் எங்காவது நிற்கும்.

4. இப்போது ஆம்ப்

நாப் நடுவில் இருந்தால் ஒலி சமநிலையில் இருக்கிறது என்று நினைப்பது தப்பு. பழைய ஃபெண்டர் வகை ஆம்ப்பில் பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் குறைக்க மட்டுமே தெரிந்த சர்க்யூட். மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் சத்தமே ஏறக்குறைய நின்றுவிடும். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் அசையும். மார்ஷலின் முதல் ஆம்ப்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பின்பற்றிப் பிறந்தது. அதனால் ஒன்றின் நாப் பழகினால் மற்றதும் சீக்கிரம் பிடிபடும். வாக்ஸ் ஏசி30இல் ‘கட்’ என்ற நாப் தலைகீழாக வேலை செய்யும், ஏற்றினால் ட்ரெபிள் குறையும். நல்ல மாடலர் இந்தக் கோணங்கித்தனத்தையும் அப்படியே நகலெடுத்திருக்கும்.

கெயினை, இது போதும் என்று தோன்றுகிற இடத்திலிருந்து கால்வாசி குறையுங்கள். ரெக்கார்டிங்கில் கேட்கும் அந்த மலை மாதிரியான சத்தம் பெரும்பாலும் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடது வலது வைத்ததால் வருவது. கூடவே பேஸ் கிட்டாரும் கீழே தாங்கிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கிட்டாரில் அதை எட்ட கெயினை ஏற்றினால் குழம்பல்தான் மிச்சம்.

ஹை கெயின் ஆம்ப்பில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அழுத்தி வாசிப்பது) கொழகொழ என்று இருந்தால், முன்னால் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலைப் போடுங்கள். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில். ஆம்ப்புக்குள் போவதற்கு முன்பே பேஸைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள மிட்டை முன்னுக்குத் தள்ளிவிடும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைத்த பேஸை ஆம்ப்புக்குப் பின்னால் வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். முன்னாலேயே கலங்கிவிட்டால் பின்னால் தெளியாது.

5. எந்த வால்யூமில் கேட்டு வைத்தீர்கள்?

கேபினெட்டைக் கண்டுபிடித்த பெருமையில், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவான சத்தத்தில் அருமையான டோன் ஒன்று செதுக்கினேன். அடுத்த ஒத்திகையில் டிரம்மோடு வாசித்தபோது பேஸ் ‘கும் கும்’ என்று அறையை நிரப்பியது, ட்ரெபிள் காதைக் குத்தியது, கிட்டார் மட்டும் கேட்கவில்லை. டிரம்மர் சிரித்தார்.

காது அப்படித்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் உச்ச ட்ரெபிளும் நமக்குக் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் 1933லேயே இதை அளந்து வளைகோடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் நான் குறையாகக் கேட்டதை நாப் திருப்பி ஈடுகட்டியிருந்தேன். சத்தம் கூடியதும் அந்த ஈடு உபரியாகிவிட்டது. வாசிக்கப் போகிற வால்யூமிலேயே டோனை வையுங்கள். முடியாதென்றால் வீட்டில் கேட்கும்போது பேஸ் கொஞ்சம் குறைவாகவும் மிட் கொஞ்சம் தூக்கலாகவும், ‘இது அசிங்கமாக இருக்கிறதே’ என்று தோன்றும்படி விட்டுவிடுங்கள். பேண்டில் அது சரியாக உட்காரும்.

இரண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போதும் இதே கண்ணிதான். ஒரு டெசிபெல் அதிகமாக இருக்கிற ஆம்ப்தான் நல்லது போலத் தோன்றும். ஆம்ப் பிளாக்கின் சேனல் வால்யூமைத் திருப்பி இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள்.

6. மிச்சம்

ரிவர்ப், டிலே இரண்டும் கேபினெட்டுக்குப் பின்னால், மிக்ஸ் 15 முதல் 20 சதவீதம். நாய்ஸ் கேட், கம்பியை நிறுத்தினால் இரைச்சல் நிற்கிற அளவுக்கு மட்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் சொன்ன மூன்று சிக்கல்கள்.

நிஜ காம்போ ஆம்ப்பின் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) முன் இன்புட்டில் மாடலரைச் செருகினால் எல்லாம் மூடிக்கிடக்கிறது என்றார் ஒருவர். மாடலரில் ஒரு ஆம்ப், ஒரு கேபினெட். வெளியே இன்னொரு ஆம்ப், இன்னொரு ஸ்பீக்கர். கேபினெட் பிளாக்கை அணைத்துவிட்டு, காம்போவின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் அதில் செருகுங்கள். அது இல்லாத காம்போ என்றால் மாடலரில் ஆம்ப் பிளாக்கையும் அணைத்துவிட்டு, வெறும் பெடல்போர்டாகப் பயன்படுத்துவதுதான் நல்லது.

கேப்சர் (ஒரு நிஜ ஆம்ப்பின் ஒலியைப் பிடித்து நகலெடுத்த கோப்பு) பயன்படுத்துகிற இன்னொருவருக்கும் இதே கம்பளிப் பிரச்சினை. சில கேப்சர்கள் ஆம்ப்பை மட்டும் பிடித்தவை, சிலவற்றில் கேபினெட்டும் மைக்கும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது வகைக்குப் பின்னால் ஐஆர் போட்டால் ஒரே ஒலியை இரண்டு முறை வடிகட்டுவதாகிவிடும். கோப்பின் விவரத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லையென்றால் ஐஆர் இல்லாமல் ஓடவிடுங்கள். வண்டு கேட்டால் ஐஆர் வேண்டும், கேட்காவிட்டால் வேண்டாம்.

மூன்றாவது, பிளகினில் வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டு) என்பது 2.7 மில்லி விநாடி. உள்ளே போக, வெளியே வர, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் எல்லாம் சேர்ந்து அது இரண்டு மூன்று மடங்காகும். ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கு 9 மில்லி விநாடி தாமதம் எப்போதும் இருக்கிறது. அதனால் 128இல் வைத்து வாசித்துப் பாருங்கள். அப்போதும் இழுத்தால், விண்டோஸ் என்றால் பொதுவான டிரைவரை விட்டுவிட்டு இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தருகிற ஏசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள். கேள்வி கேட்டவருக்கு அதிலேயே சரியாகிவிட்டது.