சீனி போடாத பேரீச்சம்பழக் கஜு துண்டு: மூண்டாந்தரம் சரி வந்த கணக்கு

மகளுக்கு இன்டர்வலுக்கு கட்டிக்குடுக்க கடை பிஸ்கட் வேணாம் எண்டு நினைச்சுத்தான் இத செய்யத் தொடங்கினன். கல்லடில எங்கட வீட்டு ஓவன்ல ரெண்டு தரம் செஞ்சு ரெண்டு தரமும் பிழைச்சு மூண்டாந்தரம் சரி வந்திச்சு, இப்ப கிழமைக்கு ஒருக்கா செய்யிறன், அதால கணக்க வடிவா எழுதி வைக்கிறன்.

முதல்ல ஒரு விஷயம். சீனி போடல்ல எண்டா சீனியே இல்ல எண்டு அர்த்தமில்ல. பேரீச்சம்பழத்தில 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல சீனி இரிக்கு, அது பழத்துட சொந்தச் சீனி. நான் சொல்ற அளவுக்கு 16 துண்டு வெட்டினா ஒரு துண்டுல 10 கிராமுக்கு மேல சீனி வரும், அதால வீட்டுல சலரோகம் உள்ள ஆக்கள் இரிந்தா ஒரு துண்டோட நிப்பாட்டச் சொல்லுங்க. பழத்த முழுசா சாப்பிடக்குள்ள நாரும் சேந்து போகுது, அதுதான் வித்தியாசம். தேன், கருப்பட்டி, கித்துள் பாணி ஊத்திப்போட்டு சீனி போடல்ல எண்டு சொல்ற ஆக்கள் இரிக்காங்க, உலக சுகாதார நிறுவனம் தேனையும் பாணியையும் சேத்த சீனிக் கணக்குலதான் வைக்கிது. நான் அந்த மூண்டையும் தொடுறதில்ல.

தேவையான சாமான்: கொட்ட எடுத்த பேரீச்சம்பழம் 200 கிராம், நல்லா பழுத்து தோல் கறுத்த வாழைப்பழம் ஒண்டு, கஜு (முந்திரிப்பருப்பு) 100 கிராம், கச்சான் (நிலக்கடலை) 100 கிராம், ஓட்ஸ் 100 கிராம், பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) 50 கிராம், எள்ளு 2 மேசைக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. உப்ப விட்டுராதீங்க, அதுதான் இனிப்ப தூக்கிக் காட்டும். பேரீச்சம்பழம் நான் காத்தான்குடிலதான் வாங்குறன், மெயின் ரோட்டு நடுவுல பேரீச்ச மரம் நிக்கிற ஊர், கடையில நாலஞ்சு வகை வச்சிரிப்பாங்க, அதுல மெதுவான வகையா பாத்து எடுங்க. பெட்டிட பின்பக்கத்தையும் வாசிங்க, சிலதுல குளுக்கோஸ் பாணி பூசியிரிக்கும்.

கச்சான ஒண்டு ஒண்டா பாத்து போடுங்க. பூஞ்சணம் பிடிச்சது, சுருங்கினது, கறுத்தது எல்லாத்தையும் வீசுங்க, அந்தப் பூஞ்சணத்துட நஞ்சு வறுத்தாலும் முழுசா போகாது. மறுகா கச்சானையும் கஜுவையும் ஓவன்ல 150 பாகை செல்சியஸ்ல 10 நிமிஷம் வறுங்க, கஜு கெதியா கருகும், கிட்ட நிண்டு பாருங்க. கச்சான்ட தோலை தேச்சு எடுத்துட்டு ரெண்டையும் ஒண்டு ரெண்டா இடிங்க, மாவாக்கிராதீங்க.

இப்ப என்ன ரெண்டு தரம் விழுத்தின இடம். சீனிட வேலை இனிப்பு மட்டுமில்ல, பாகாகி எல்லாத்தையும் ஒட்டி வைக்கிறதும் அதுதான், சீனிய எடுத்தா அந்த வேலைய பேரீச்சம்பழக் களிதான் செய்யோணும். முதல் தரம் பழத்த ஒரு கோப்பை சுடுதண்ணில ஊறப்போட்டு தண்ணியையும் சேத்து அரைச்சு ஊத்தினன், ஒரு மணித்தியாலம் வச்சும் நடுவுல களியாவே கிடந்திச்சு. ரெண்டாந்தரம் பயத்துல தண்ணியே விடல்ல, எல்லாம் உதிர்ந்து போயிட்டு. சரியான அளவு 4 மேசைக்கரண்டி சுடுதண்ணி, அதுக்கு மேல வேணாம். நறுக்கின பழத்துக்கு மேல அத தெளிச்சு மூடி 15 நிமிஷம் வைங்க, நடுவுல ஒருக்கா பிரட்டி விடுங்க, மறுகா முள்ளுக்கரண்டியால நசிங்க. பிளெண்டர் வேணாம், இவ்வளவு கொஞ்சத்துக்கு பிளேட் சும்மா சுத்தும், களி சுவர்ல ஒட்டிக் கிடக்கும், மறுகா அது சுத்துறதுக்கெண்டே தண்ணி விடவேண்டி வரும், அங்கதான் பிழைக்கும். அம்மி இரிந்தா அம்மிதான் எல்லாத்தையும் விட நல்லம். களிய கரண்டில அள்ளி கவிழ்த்துப் பாருங்க, விழாம ஒட்டி நிண்டா சரி.

வாழைப்பழத்தையும் அதுக்குள்ள நசிச்சு மத்த எல்லாத்தையும் போட்டு கையால பிசைஞ்சு 10 நிமிஷம் விடுங்க, ஓட்ஸ் ஈரத்த இழுக்கோணும். 8 அங்குலச் சதுர அலுமினியத் தட்டுல ஒயில் பேப்பர் விரிச்சு கொட்டி, அடி தட்டையான எவர்சில்வர் கிளாஸ தண்ணில நனைச்சு அமத்துங்க. சும்மா தடவுற அமத்தல் காணாது, மூலை மூலையா முழுப் பலத்தோட அமத்துங்க, இடைவெளி இரிந்தா அந்த இடத்தால உடையும்.

ஓவன் 160 பாகை, 25 நிமிஷம். ஃபேன் உள்ள ஓவன் எண்டா 140. மேசையில வைக்கிற சின்ன ஓவன்ல மேல் கம்பி கிட்ட இரிக்கும், தட்ட கீழ்த் தட்டுல வைங்க. ஓரம் பொன்னிறமா வந்தா காணும், நடு தொட்டா மெதுவாத்தான் இரிக்கும், அது ஆறக்குள்ள இறுகும். சுடச்சுட வெட்டினா கட்டாயம் உதிரும், ரெண்டு மணித்தியாலம் ஆறவிட்டு ஒரு மணித்தியாலம் ஃபிரிட்ஜ்ல வச்சு பெரிய கத்திய ஒரே அமத்தா அமத்தி வெட்டுங்க, அறுக்காதீங்க.

5 வயசுக்கு கீழ்ப்பட்ட புள்ளையளுக்கு எண்டா கஜுவையும் கச்சானையும் நல்லா பொடியாக்கித்தான் போடோணும், முழுசா இரிந்தா தொண்டையில சிக்கும்.

பிறகு சேத்தது: ஒரு தங்கச்சி ஒயில் பேப்பர் இல்லாம லஞ்ச் சீட் விரிச்சு ஓவன்ல வச்சிட்டன் எண்டு எழுதியிரிந்தா. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, அது பொலித்தீன், உருகி சாப்பாட்டுல ஒட்டும், அந்தத் தட்டுல இரிந்தத முழுக்க வீசத்தான் வேணும். பேப்பர் இல்லாட்டி தட்டுக்கு தேங்காயெண்ணெய் பூசி எள்ளு தூவுங்க.

கல்முனைல இருந்து இன்னொரு ஆள் நாலாம் நாள் பூஞ்சணம் பிடிச்சிட்டு எண்டு சொன்னா, அது கார்த்திகை மழைக்குள்ள செஞ்சது. சீனி நிறையப் போட்ட பண்டம் மாதிரி இது கிடக்காது, வாழைப்பழ ஈரமும் உள்ளுக்கு இரிக்கு. வெளிய ரெண்டு நாள், மாரியில ஒரு நாள்தான், மிச்சத்த மூடி போட்ட டின்ல ஃபிரிட்ஜ்ல ஒரு கிழமை வைக்கலாம்.

ஓவன் இல்லாத ஆக்களுக்கு: பாரமான சட்டில ரெண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு மூடி சின்ன நெருப்புல 10 நிமிஷம் சூடாக்கி, உள்ளுக்கு ஒரு சின்ன ஸ்டாண்ட் வச்சு அதுக்கு மேல தட்ட வைங்க, 35, 40 நிமிஷம் எடுக்கும். மேல் பக்கம் சிவக்காது, அதுக்காக நெருப்ப கூட்டிராதீங்க, அடி கருகும். ஒரு கத்திய ஓரத்தால விட்டு அடிய தூக்கிப் பாருங்க, பொன்னிறமா வந்திட்டு எண்டா இறக்குங்க.