கச்சான் காற்றுக்கு ஏற்ற விண்ட்சர்ஃப் பலகை

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குணமுள்ள கடல். வடக்கே பாக் விரிகுடாவை ஊர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். மே மாதம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை ஆண் கடல் லேசில் அடங்காது. நான் விண்ட்சர்ஃப், அதாவது பாய் கட்டிய பலகை, அதிகம் ஓட்டுவது அந்தப் பக்கம்தான். நல்ல நாளில் மதியத்துக்கு மேல் காற்று 18 முதல் 22 நாட் வரை வரும், அதாவது மணிக்கு 33 முதல் 41 கிலோமீட்டர். கரையோரம் இடுப்பளவு அலை உடையும். அதைத் தாண்டினால் ஒழுங்கில்லாமல் நாலு பக்கமும் குத்துகிற சிற்றலை. இந்த மாதிரித் தண்ணீருக்குப் பலகை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆழத்தில் விழுந்தால் பாயைக் காற்றில் பிடித்துத் தண்ணீரிலிருந்தே எழும் வாட்டர்ஸ்டார்ட் உங்களுக்கு வரவேண்டும். அது இன்னும் வரவில்லை என்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். 150 லிட்டருக்கு மேற்பட்ட பயிற்சிப் பலகையில் பெண் கடல் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில், சொல்லிக்கொடுக்க ஒருவர் கூட இருக்கும்போது பழகுங்கள். கச்சான் பருவத்தில் அந்தப் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீர் தட்டையாகத் தெரியும், ஆனால் ஆளைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். தனியாக இறங்கவே கூடாது.

இனி பலகைக்கு வருவோம். வாங்க வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். லிட்டர் என்பது பலகை உங்களைத் தாங்குமா என்பதை மட்டும் சொல்லும். சிற்றலையில் எப்படி ஓடும் என்பதை அடிப்பாகமும் வாலின் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 3 விநாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு, ஆழமான நீரில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 14 மீட்டர் இருக்கும். அது விநாடிக்கு 4.7 மீட்டர் நகரும். நீங்கள் 20 நாட் வேகத்தில், விநாடிக்குச் சுமார் 10 மீட்டர், காற்றுக்குச் சாய்வாக எதிரேறிப் போனால் ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முகடு உங்களை அடிக்கும். அலை இன்னும் குட்டையாகி 2 விநாடிக்கு ஒன்று என்று வந்தால், ஒரு விநாடிக்கு ஒன்றரை முகடு அடிக்கும். அரை மணி நேரம் ஓட்டினால் முழங்காலும் குதிகாலும் ஆயிரக்கணக்கான அடியை வாங்குகின்றன. அந்த அடியை அடிப்பாகம் வெட்டி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் உங்கள் காலில்தான் இறங்கும்.

ஃப்ரீரைட், ஸ்லாலம் வகைப் பலகைகளுக்கு அடிப்பாகம் தட்டை, வால் அகலம், விளிம்பு தடிமன். தட்டையான தண்ணீரில் அவற்றுக்கு ஈடே கிடையாது, கொஞ்சக் காற்றிலேயே தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கத் தொடங்கிவிடும். சிற்றலையில் அதே அகலம் எதிரியாகிறது. ஒவ்வொரு முகடும் அகலமான வாலைத் தூக்கிவிடும், வாலடியில் தண்ணீருக்குள் நிற்கும் துடுப்பான ஃபின் நீளமாக இருந்தால் அதற்குத் துணைபோகும், பின்னங்கால் எவ்வளவு அழுத்தினாலும் பலகை காற்றில் நடக்கத் தொடங்கும். வேகம் இருக்கும், பிடிமானம் இருக்காது. மறுபுறம், முழு வேவ் பலகை அலையில் திரும்புவதற்காகவே வளைத்துச் செய்யப்பட்டது. இடுப்பளவு அலையில் அதற்கு வேலையே குறைவு, காற்று சற்று இறங்கினால் தண்ணீரில் அமிழ்ந்து நின்றுவிடும். நடுவே இருக்கும் ஃப்ரீஸ்டைல் வேவ் வகைதான் நம் கடலுக்கு. சில கம்பெனிகள் இதையே ஃப்ரீவேவ் என்று விற்கின்றன. டாபூ 3எஸ், ஃபனாட்டிக் ஃப்ரீவேவ், ஸ்டார்போர்ட் கோட், ஜேபி ஃப்ரீஸ்டைல் வேவ், கோயா ஒன், செவெர்ன் டைனோ எல்லாம் இந்தக் குடும்பம். பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து வருஷப் பழைய ஃப்ரீஸ்டைல் வேவ் பலகை, இந்த வருஷத்து ஸ்லாலம் பலகையைவிட ஆண் கடலில் உங்களை நன்றாக வைத்துக்கொள்ளும்.

வகைப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பலகையைக் கவிழ்த்து இரண்டு பழைய டயர் மேல் வையுங்கள். மாஸ்ட் கால், அதாவது பாய்மரத்தின் அடி, மாட்டும் இடத்துக்கு நேர் கீழே ஓர் அலுமினிய ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஸ்கேல் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு கோட்டில் நின்று இரண்டு பக்கமும் ஆடினால் அங்கே வி வடிவம் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் தடவுங்கள், லேசான பள்ளம் தட்டுப்பட வேண்டும். முன்பாகத்தில் இப்படி இரட்டைக் குழிவும் வியும் சேர்ந்திருந்தால் முகடு பலகையை அறையாது, பிளந்துகொண்டு கீழே போகும். ஸ்கேலை அப்படியே வால் வரைக்கும் நகர்த்துங்கள். ஃபின்னுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் வி இருந்தால் பலகையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பது சுலபம். அடுத்து ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். ஃபின்னுக்கு முன்னால் ஓரளவு தூரம் தட்டையாக ஒட்டிக் கிடக்க வேண்டும், பலகை எழும்பி ஓடுவது அந்தத் தட்டையின் மேல்தான். அதிலிருந்து மூக்கு வரைக்கும் சீராக உயர வேண்டும். மூக்கு உயரம் குறைவான பலகை, அலையின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது அடுத்த அலைக்குள் குத்திக்கொள்ளும்.

பிறகு டேப் எடுத்து வால் நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் அகலத்தை அளந்து பாருங்கள். விற்பவர்கள் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் அளக்க வேண்டும். 75 கிலோ ஆளுக்கான ஃப்ரீஸ்டைல் வேவ் பலகையில் அது 40 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 45 தாண்டிவிட்டால் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் அது வேறு தண்ணீருக்கான பலகை. விளிம்பையும் கையால் பிடித்துப் பாருங்கள். நடுவில் உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருக்கட்டும். வாலருகே மட்டும் கூர்மை தேவை, தண்ணீர் அங்கே ஒட்டாமல் விலகினால்தான் வேகம் வரும்.

லிட்டர் கணக்கு இதற்கெல்லாம் பிறகு. ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நான் 74 கிலோ. பாய், மாஸ்ட், கையால் பிடிக்கும் பூம் எல்லாம் சேர்ந்து 9 கிலோ, பலகை 7 கிலோ, மொத்தம் 90. ஆகவே 90 லிட்டர் பலகையில் நான் நின்றால் தண்ணீர் மட்டத்திலேயே நிற்பேன், காற்று விழுந்தால் கரைக்குத் திரும்புவது பெரும்பாடு. 103 லிட்டரை ஒட்டிய பலகையில் 13 கிலோ மிச்சம் இருக்கிறது. தடுமாறினாலும் நின்றுகொண்டே பாயை இழுத்துப் பிடித்து வந்துவிடலாம். இந்தக் கடலில் முதல் பலகை வாங்குபவருக்கு உடல் எடையோடு 25 முதல் 30 வரை கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். நன்றாகக் கைவந்தவர்கள் 15 கூட்டினால் போதும். என் அக்கா மகள் 52 கிலோ, அவளுக்கு 82 லிட்டர் பலகையும் 4.2 சதுர மீட்டர் பாயும். அதே காற்றில் நான் 5.3 கட்டுகிறேன். எடை குறைந்தவர்களுக்குப் பெரிய பலகைதான் பாதுகாப்பு என்று சொல்லி ஆண்கள் ஓட்டிய பழைய 110 லிட்டரைத் தலையில் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது தவறு. அந்தப் பலகையைச் சிற்றலையில் அழுத்தி வைக்க அவர்கள் எடை போதாது, காற்று ஏறினதும் அதுதான் ஆபத்து.

இரண்டு அளவுக்கு நடுவே குழம்பினால், நீங்கள் அதிகம் ஓட்டப்போகும் பாயைப் பாருங்கள். 4.7 முதல் 5.7 வரைதான் என்றால் சின்னது. 6.2 கட்டிக் காற்று குறைந்த நாளிலும் ஓட்ட ஆசை என்றால் பெரியது.

ஃபின் விஷயத்தில் நம் கடல் தனி. பாக் விரிகுடா முழுக்கக் கடற்புல். நேராக இறங்கும் ஃபின்னில் அது சுற்றிக்கொண்டால் பலகை பிரேக் போட்ட மாதிரி நின்று, ஆள் முன்னால் பறப்பார். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த புல் ஃபின் ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும், 26 முதல் 28 சென்டிமீட்டர் போதும். அந்தப் புல் கடல்பசுவின் தீனி. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. கரையோரப் புல்மேட்டில் ஃபின்னை உழவிட்டுக்கொண்டு ஓட்டாமல், இறங்கிப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடங்கள். தெற்கே பவளப்பாறை. அங்கே ஆழம் தெரியாத இடத்தில் ஃபின்னும் உடையும், பாறையும் உடையும், மறுபடி வளர்வது பாறைக்குத்தான் கஷ்டம். 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் போகவே கூடாது.

மூன்று ஃபின் மாட்டும் பலகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 18 முதல் 20, ஓரங்களில் 10 சென்டிமீட்டர் சின்ன ஃபின்கள். மொத்த ஆழம் குறைவு, அலையில் திரும்பும்போது பிடிப்பு அதிகம். எதிர்க்காற்றில் ஏறுவது கொஞ்சம் மந்தம்தான். நேராக ஓட மட்டும் ஆசைப்படும் நாளில் ஓரத்து ஃபின்களைக் கழற்றி, அந்தப் பொந்துகளை மூடியால் அடைத்துவிட்டு, நடுவில் ஒற்றை ஃபின் மாட்டலாம். ஒரே பலகை இரண்டு வேலை செய்யும். ஃபின்னைச் செருகும் பெட்டி எந்த வகை என்று வாங்கும் முன்பே கேளுங்கள். யூஎஸ் பாக்ஸ், பவர் பாக்ஸ், டட்டில் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இங்கே கடையில் போய் ஃபின் வாங்க முடியாது. நண்பர்களிடம் எந்தப் பெட்டிக்கான ஃபின் இருக்கிறதோ அதே பெட்டியுள்ள பலகை உங்களுக்கு நிம்மதி.

புதுப் பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விமானக் கூலியும் சுங்கமும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டுபோகும். அதனால் பெரும்பாலும் கைமாறியதுதான் வாங்குவோம். குதிகால் படும் இடத்தில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் உள்ளே மேலோடு நுரையிலிருந்து விட்டுவிட்டது, அந்தப் பலகை வேண்டாம். விரல் கணுவால் மூக்கிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்ற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே தண்ணீர் போயிருக்கலாம். மீன் எடை போடும் தொங்கு தராசில் பலகையை மாட்டி எடை பார்ப்பது நல்ல வழி. கம்பெனி சொன்ன எடையைவிட ஒரு கிலோ கூடுதல் என்றால் உள்ளே உப்புத் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே காற்றுத் திருகு ஒன்று இருக்கும், அதைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் புதிது போட வேண்டும். இந்தத் திருகை மூடியபடி பலகையை மே மாத மணலில் வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து மேலோட்டைப் பிளந்துவிடும். நிழலில் வையுங்கள், வெயிலில் வண்டி மேல் கட்டிக் கொண்டுபோனால் திருகைத் தளர்த்துங்கள், கடலில் இறங்கும் முன் மறக்காமல் முடுக்குங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், அதுவும் காற்று ஏறிய மதியத்தில். கால் நுழைக்கும் பட்டையான ஃபுட்ஸ்ட்ராப்பை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தி, பின்னால் ஒன்றே ஒன்று மாட்டுங்கள். விளிம்போரம் மாட்டியிருந்தால் சிற்றலையில் கால் தேடியே நேரம் போகும். மாஸ்ட் காலைத் தடத்தின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். மூக்கு துள்ளினால் இரண்டு சென்டிமீட்டர் முன்னே, பலகை ஒட்டிக்கொண்டு எழும்பாவிட்டால் பின்னே. இப்படி மாற்றியும் எதிரேறும்போது முழங்கால் அடி குறையவில்லை, வால் தூக்குவது நிற்கவில்லை என்றால் அந்தப் பலகையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.