ஐந்து பேர், ஒரு டிக்கெட்: மியூனிக்கிலிருந்து நூரம்பெர்க், பாம்பெர்க்

"இந்த வீக்கெண்ட் எங்கயாவது போலாமாடா?" என்று குரூப்பில் ஒருத்தர் ஆரம்பித்தால் அடுத்த இரண்டு நாளும் ஊர்ப் பெயர்களாக வந்து விழும். பிராக், வியன்னா, பெர்லின். வெள்ளிக்கிழமை இரவு பார்த்தால் ரயில் கட்டணம் எகிறியிருக்கும். பிறகென்ன, யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணிதான். கடைசி நேரத்தில் முடிவு செய்தாலும் விலை ஏறாத பயணம் ஒன்று இருக்கிறது. பயர்ன் (பவேரியா) மாநிலம் முழுக்க ஒரு நாள் வட்டார ரயில்களில் சுற்ற உதவும் பயர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நூரம்பெர்க், ஞாயிற்றுக்கிழமை பாம்பெர்க். எங்கள் செட்டில் இதை நன்றாக ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பும் பணம் கட்ட ஒரு கார்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள்

பயர்ன் டிக்கெட் ஒருவருக்கும் உண்டு, ஐந்து பேர் வரைக்கும் உண்டு. முதல் ஆளுக்குத்தான் விலை அதிகம். கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் சேரும். அதனால் ஐந்து பேர் சேரும்போதுதான் லாபம். ஆறு பேர் என்றால் இரண்டு டிக்கெட். சனி, ஞாயிறுகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து மறுநாள் காலை 3 மணி வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான். ஒரு நாளுக்கு ஒரு டிக்கெட், ஆக இந்தப் பயணத்துக்கு இரண்டு.

யாரிடமாவது டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த, ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் அந்த மாதச் சந்தா 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. ஏற்கெனவே அதற்குக் கட்டுகிறவர் இதற்கும் எதற்குப் பங்கு போட வேண்டும்?

2. எந்த ரயில்? (இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்)

குழப்பம் எல்லாம் இங்கேதான். பயர்ன் டிக்கெட் ஆர்பி, ஆர்இ, எஸ்-பான் போன்ற வட்டார ரயில்களுக்கு மட்டும். வெள்ளை நிறத்தில் வழவழவென்று வந்து நிற்கும் அதிவேக ரயிலான ஐசிஇயில் ஏறக் கூடாது, தொலைதூர ரயிலான ஐசியிலும் கூடாது. ஏறிவிட்டால் உங்கள் கையில் இருப்பது டிக்கெட்டே இல்லை. டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் தலைக்குக் குறைந்தது 60 யூரோ. ஐந்து பேருக்கு 300. அந்தப் பணத்துக்கு பிராக்கே போயிருக்கலாம்.

மியூனிக்–நூரம்பெர்க் பாதையில் ஐசிஇ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுத்துக்கொள்ளும். ஆப்பில் சும்மா தேடினால் அதுதான் மேலே வந்து நிற்கும். தேடும் முன்பே விருப்பத் தேர்வுகளுக்குள் போய் வட்டார ரயில்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள். அப்புறம் இங்கோல்ஷ்டாட் வழியாகப் போகும் ஆர்இயைத் தேடுங்கள். மியூனிக்–நூரம்பெர்க் எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதிவேகப் பாதையிலேயே ஓடுவதால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். அதே டிக்கெட்டில் ஆக்ஸ்பர்க் வழியாகச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வரை உருட்டுகிற ரயில்களும் இருக்கின்றன. விலை ஒன்றுதான் என்பதால் பலர் வித்தியாசம் தெரியாமல் ஏறிவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் அடிக்கடி கிடையாது. சில சமயம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். அதனால் ரயில் நேரத்தை முடிவு செய்துவிட்டு அலாரம் வையுங்கள்.

இன்னொன்று, சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். மியூனிக்கில் எஸ்1 பிடித்து ஏர்போர்ட் போனவர்களுக்குத் தெரியும்: நொய்ஃபார்னில் ஒரு பாதி ஏர்போர்ட்டுக்கும் மறு பாதி ஃப்ரைசிங்குக்கும் போகும். பாம்பெர்க் பக்கமும் இப்படிப் பிரிகிற வண்டிகள் உண்டு. பிளாட்பாரப் பலகையைப் பார்த்தது போதும் என்று ஏறிவிடாமல், உங்கள் பெட்டிக் கதவருகே என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

3. பெயர்கள்

டிக்கெட்டில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். மெஷினில் எடுத்தால் கிளம்பும் முன் பேனாவால் எழுதிவிடுங்கள். பரிசோதகர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார், ஆனால் ஒவ்வொரு பெயரையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார். நம் பெயர்களில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று அவர் திணறுவதைப் பார்த்து நண்பர்கள் பின்னால் சிரிப்பதும் நடக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். ஐவரும் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

என்னைக் கேட்டால் ஆப்பை விட மெஷின் தாள்தான். போன் சார்ஜ் போய்விட்டால் ஐந்து பேரும் டிக்கெட் இல்லாதவர்களாகிவிடுவீர்கள்.

4. தங்க இடம்

நூரம்பெர்க் யூத் ஹாஸ்டல் கோட்டையை ஒட்டியே இருக்கிறது. 1494–95இல் தானியக் கிடங்காகக் கட்டிய கட்டடம். ஹாஸ்டல் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஏற்றம்தான், டிராலி பெட்டி கொண்டுபோகிறவர்கள் கல் பாவிய தெருவில் கஷ்டப்படுவார்கள். முதுகுப் பையே போதும். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் பொம்மைக் கண்காட்சி வாரத்திலும் இந்த ஊரில் அறை தேடாதீர்கள்.

5. சனிக்கிழமை, நூரம்பெர்க்

பெரிய திட்டம் தேவையில்லை. ஸ்டேஷன் எதிரே சுரங்கப் பாதையில் இறங்கி ஏறினால் பழைய நகர மதில். அங்கிருந்து நேராக நடந்தால் லோரென்ஸ் தேவாலயம், பெக்னிட்ஸ் ஆறு, ஹௌப்ட்மார்க்ட் சதுக்கம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். 12 மணிக்குச் சதுக்கத்தில் இருங்கள். ஃப்ரௌவென் தேவாலயத்தின் 1509ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் ஏழு இளவரசர்களின் பொம்மைகள் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றிவரும். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து 1356இல் அவர் பிறப்பித்த தங்க ஆணையின் நினைவாக வைத்தது. அப்புறம் கோட்டை, அங்கே சுமார் 50 மீட்டர் ஆழக் கிணறு ஒன்று இருக்கிறது. வழிகாட்டி மெழுகுவத்தித் தட்டைக் கீழே இறக்கும்போது எட்டிப் பாருங்கள். வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிவிடும்.

மதியத்துக்கு மேல் பலர் கடைவீதிக்குப் போவார்கள். நான் நீதிமன்றத்துக்கு அனுப்புவேன். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் அறை. ஸ்டேஷனில் யு2 அல்லது யு3 மெட்ரோ பிடித்து ப்ளேரரில் இறங்கி, யு1க்கு மாறி பேரென்ஷான்ஸேயில் இறங்குங்கள். யு1லேயே நேராகவும் போகலாம்தான். ஆனால் யு2, யு3க்கு ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடி அருகே நின்று சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். இதுவும் பயர்ன் டிக்கெட்டிலேயே அடக்கம்.

சாப்பாடு: நூரம்பெர்க் பிராட்வுர்ஸ்ட் விரல் நீளம்தான், 7 முதல் 9 செ.மீ. பன்னில் மூன்றை அடுக்கிக் கொடுப்பதை "ட்ரை இம் வெக்லா" என்று கேளுங்கள். பன்றி இறைச்சி, நினைவிருக்கட்டும். சைவக்காரர்கள் உருளைக்கிழங்கு க்ளோஸ் உருண்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், மேலே ஊற்றும் சாஸ் இறைச்சிச் சாறு. புளித்த முட்டைக்கோஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட நூடுல்ஸ்) கேட்பது நல்லது, அதிலும் பன்றித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரவு 8 மணிக்குள் சூப்பர்மார்க்கெட் போய்வாருங்கள். பயர்னில் அதற்குமேல் கடை கிடையாது, ஞாயிறு முழுக்கப் பூட்டு. ஸ்டேஷன் கடைகள் மட்டும் திறந்திருக்கும், விலையும் அதற்கேற்ப.

6. ஞாயிறு, பாம்பெர்க்

நூரம்பெர்க்கிலிருந்து அந்த ஊர் எஸ்1இல் ஒரு மணி நேரம். ஆர்இ கிடைத்தால் இன்னும் சீக்கிரம். ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகராட்சிக் கட்டடம், மேலே பேராலயம், அதன் எதிரே ரோஜாத் தோட்டம். 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர், கால் போன போக்கில் நடந்தாலே நன்றாக இருக்கும். காலையிலேயே பேராலயத்துக்கு ஓடாதீர்கள், பூசை முடியும் வரை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பீர் குடிப்பவர்கள் ஷ்லென்கெர்லா என்ற பீர்க் கடையில் புகை பீர் கேளுங்கள். பீச் மரப் புகையில் மால்ட்டை உலர்த்துவதால் விறகடுப்பில் வைத்த பாத்திரம் போல வாசனை அடிக்கும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் முதல் மடக்கோடு கோப்பையை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

பின்னர் சேர்த்தவை

ஒரு நண்பர் இங்கோல்ஷ்டாட்டில் ஏறலாமா என்று கேட்டிருந்தார்கள். ஏறலாம், ஆனால் மியூனிக்கில் எடுக்கும்போதே அவரையும் எண்ணி, பெயரையும் எழுதியிருக்க வேண்டும். வழியில் ஆள் கூட்ட முடியாது.

தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, எந்த சூப்பர்மார்க்கெட் மெஷினிலும் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்ததைத் திங்களன்று உங்கள் ஊரிலேயே போடுங்கள்.

கடைசியாக, தண்டவாள வேலை. வார இறுதிகளில்தான் அதிகம் நடக்கும். ஆப்பில் எஸ்இவி என்று வந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம். பஸ் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் என்று நினைக்காதீர்கள். பின்பக்கத் தெருவிலும் இருக்கலாம். எஸ்இவி என்று எழுதிய அம்புக்குறிகளைப் பார்த்து நடங்கள். ஞாயிறு மாலை அந்த பஸ்ஸில் கூட்டம் நெரியும் என்பதால் திரும்பும் பயணத்தை ஒரு ரயில் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.