தையல் அறையை ஒழுங்கு பண்ணுவது எப்படி? புதிதாகத் தைப்பவர்களுக்கு

"துணியெல்லாம் கட்டிலில் கிடக்குது, ஒரு அலமாரி வாங்கட்டுமா அக்கா?" என்று என்னிடம் தையல் பழக வரும் பெண்கள் கேட்பார்கள். இப்போது வாங்காதீர்கள். என்ன துணி இருக்கிறது, அது எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் குவியல் அப்படியே கதவுக்குப் பின்னால் போய் உட்காரும், அவ்வளவுதான். பாலக்கோட்டில் என் வீட்டு முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக், வெட்டும் மேசை, ஒட்டுத்துணிப் போர்வைக்குச் சேர்த்த துணி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இடம் போதும். ஒவ்வொரு துணிக்கும் இது இன்னதற்கு என்று முடிவெடுப்பதுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு உட்காருங்கள். தரையில் பழைய பெட்ஷீட் விரித்து, கட்டில், நாற்காலி, மிஷின் அடி என்று எங்கே துணி இருந்தாலும் எடுத்து அதில் கொட்டுங்கள். மலைப்பாக இருக்கும், பரவாயில்லை.

முதலில் அடுத்தவர் துணி

தைக்கக் கொடுத்தவர்களின் துணியை முதலில் தனியே எடுங்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை. ரவிக்கைத் துணி, லைனிங், அளவு ரவிக்கை, ஃபால் அடிக்கக் கொடுத்த சேலை, எல்லாம் அந்த ஒரே பைக்குள். மேலே ஒரு சீட்டில் பெயர், போன் நம்பர், கொடுக்க வேண்டிய தேதி எழுதிக் கட்டிவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. ஒரு பொங்கல் சமயம் ஒரு அம்மாவின் அளவு ரவிக்கை என் வெட்டுத்துணி மூட்டைக்குள் போய்விட்டது, அவர் மூன்று முறை நடந்தார், நான் வீட்டைப் புரட்டிப் போட்டேன், கிடைக்கவில்லை. மாசியில் தலையணை அடைக்க மூட்டையைக் கொட்டியபோது, நிறம் மங்கிய பச்சை ரவிக்கை, அக்குளில் அவரே கையால் போட்ட தையலோடு, மேலேயே வந்து விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னிடம் துணி கொடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பைகள்.

அப்புறம் நம் துணி

எண்பது சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முழுத்துணி, அதில் ஒரு ரவிக்கையாவது வரும். பழைய நோட்டு அட்டையைச் சுற்றி மடித்தால் எல்லாம் ஒரே அளவில் புத்தகம் மாதிரி நிற்கும், ஒன்றை உருவினால் மற்றது சரியாது. நீளத்தைச் சீட்டில் எழுதி நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள். குண்டூசி வேண்டாம், மழைக்காலத்தில் துருப்பிடித்தால் கறை போகாது.

இதை அடுக்க எங்கள் ஊரில் சுலபமான பொருள் தக்காளி கிரேட். மார்க்கெட் பக்கம் பழையது கேட்டால் கிடைக்கும். கழுவி வெயிலில் காயவைத்து, உள்ளே பழைய வேட்டியை விரித்த பிறகு துணியை வையுங்கள், பிளாஸ்டிக் விளிம்பு பட்டுத் துணியை இழுத்துவிடும். செய்தித்தாள் விரிக்காதீர்கள், மை ஒட்டும். பட்டுச் சேலையை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கக் கூடாது, உள்ளே ஈரம் நின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படவே கூடாது.

வெட்டுத்துணி

அறையை அடைப்பது பெரும்பாலும் இதுதான், தூக்கிப் போட மனம் வராததும் இதுதான். பழைய சேலையை அடுக்கித் தைத்த போர்வையைத் தெலுங்கு பேசும் வீடுகளில் பொந்த என்பார்கள், ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர்கள் கவுதி என்பார்கள். அதனால் நம் பக்கத்தில் துண்டுத் துணிக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் மூட்டையாகக் கிடக்கும் துணி போர்வை ஆகாது, வெட்டி வைத்த துணிதான் ஆகும்.

முதலில் பருத்தியையும் பாலியஸ்டரையும் பிரியுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு நூலை உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல் நிற்கும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது, முதல் துவைப்பிலேயே சுருக்கம் விழும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை, வெட்டும் முன்பே தனியாக நனைத்துக் காயவையுங்கள்.

இனி அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு, அதை வைத்து வரைந்து வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 14, நீளத்தில் 20 என்று 280 சதுரம் சேர்ந்தால் 63 அங்குல அகலம், 90 அங்குல நீளம், ஒரு ஆள் போர்த்தும் போர்வை. நூறு நூறாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். அந்த அட்டையைவிடச் சின்னதான துண்டெல்லாம் தலையணை அடைக்க. யோசிக்காமல் மூட்டையில் போடுங்கள்.

சின்னச் சாமான்

ஹூக், பட்டன், ஜிப் எல்லாம் மூடி உள்ள டப்பாவில், வெளியே தெரிகிற மாதிரி. ஊசியை நம்பரோடு வையுங்கள்: மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. உடைந்த ஊசிக்கு ஒரு பழைய மாத்திரை டப்பா, குப்பையில் நேராகப் போடாதீர்கள். பெருக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள். டக் டக் என்று குண்டூசிகள் வந்து ஒட்டும் சத்தம் கேட்கும். குழந்தை தவழும் வீடென்றால் இதைத் தினமும் செய்ய வேண்டும்.

கடைசியாக மிஷின். அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிப் பாருங்கள், நூல் பஞ்சு சாம்பல் நிறத்தில் திரண்டிருக்கும். பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, ஒரு வெட்டுத்துணியில் கொஞ்ச நேரம் ஓட்டி எண்ணெயை அதில் இறக்குங்கள். நல்ல துணி அதற்கப்புறம்தான்.

இப்போது துணிப்பைச் சீட்டுகளில் தேதியைப் பார்த்து, நாளைக்குக் கொடுக்க வேண்டியதை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.